கொமித்தாஸ்: ஊர்ப் பாடல்களைத் திரட்டியவர் ஏன் இசையமைப்பாளர் எனப்படுகிறார்?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 24 நெருங்கும்போது செய்திகளில் ஒரு பெயர் தவறாமல் வரும்: கொமித்தாஸ் வர்தபெத். 1915இல் ஒட்டோமான் பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையை உலகம் நினைவுகூரும் நாள் அது. 2023இல் அவருடைய படைப்புகளின் தொகுப்பை யுனெஸ்கோ தன் 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தபோதும் அவர் பெயர் அடிபட்டது.

செய்திகளைப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஒரு செய்தி அவரைப் பாதிரியார் என்கிறது. இன்னொன்று இசையமைப்பாளர் என்கிறது. மற்றொன்று நாட்டுப்புற இசை ஆய்வாளர், ஆசிரியர், இனப்படுகொலையில் மனம் சிதைந்தவர் என்று அடுக்குகிறது. கிராமத்து மக்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பாடல்களை எழுதி வைத்தவர் எப்படி இசையமைப்பாளர் ஆவார் என்ற கேள்விக்கு அந்தச் செய்திகளில் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதில் அவர் வாழ்க்கையின் துயரத்தில் இல்லை. அவர் இசையைக் கையாண்ட முறையில் இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

1. வர்தபெத்: ஆர்மீனியத் திருச்சபையில் கல்வித் தகுதி பெற்ற துறவிக்குத் தரப்படும் பட்டம். குடும்பப் பெயர் அல்ல.

2. எச்மியாட்சின்: ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப்பீடம். அதன் தலைவர் கத்தோலிக்கோஸ் எனப்படுவார். 1874இல் அங்கே தொடங்கப்பட்டது கெவோர்கியன் குருமடம். கொமித்தாஸ் படித்ததும் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான்.

3. கஸ்: இடைக்கால ஆர்மீனியக் கையெழுத்துச் சுவடிகளில் பாடல் வரிகளுக்கு மேலே இடப்பட்ட இசைக்குறிகள். அவற்றைப் படிக்கும் முறை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறந்துபோயிற்று.

4. லிமோஞ்சியன் குறிமுறை: கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வாழ்ந்த ஹம்பர்த்சும் லிமோஞ்சியன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சுரக்குறிப்பு முறை. ஐந்து கோடுகள் தேவையில்லை. கையில் கிடைத்த தாளில் வேகமாக எழுதிக்கொண்டே போகலாம். கொமித்தாஸ் ஊர் ஊராகப் போய்ப் பாடல் எழுதியது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

ஆர்மீனிய மொழி தெரியாமல் வந்த சிறுவன்

அவர் 1869இல் அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) குத்தாஹியா நகரில் பிறந்தார். இயற்பெயர் சொகொமோன் சொகொமோனியன். அப்பா கெவோர்க் செருப்புத் தைப்பவர். அம்மா தகுஹி கம்பளம் நெய்பவர். இருவருக்குமே நல்ல குரல். பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்தார். பத்துப் பதினொரு வயதில் அப்பாவும் போய்விட்டார்.

குத்தாஹியா ஆர்மீனியர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசியது துருக்கி மொழி. சொகொமோனும் அதைத்தான் பேசினான். கோயிலில் பாடிய ஆர்மீனியப் பாடல்கள் மனப்பாடமாக இருந்தன, பொருள் தெரியாது. 1881இல் உள்ளூர்த் திருச்சபைத் தலைவர் எச்மியாட்சினுக்குப் புறப்பட்டபோது, குருமடத்தில் சேர்க்க நல்ல குரலுள்ள ஓர் அநாதைப் பையனை அழைத்துவரும்படி கேட்டிருந்தார்கள். தேர்வானவன் சொகொமோன். கத்தோலிக்கோஸ் நான்காம் கெவோர்க் ஆர்மீனிய மொழியில் பேச, பையனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் பாடியதைக் கேட்டு நெகிழ்ந்துபோய்ச் சேர்த்துக்கொண்டார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி.

தன் மொழியைப் பன்னிரண்டு வயதில் புதிதாகக் கற்றவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களின் பேச்சிலும் பாட்டிலும் எது அவர்களுக்கே உரியது, எது வெளியிலிருந்து வந்து ஒட்டியது என்று பின்னாளில் இவ்வளவு கூர்மையாகக் கேட்க அவரால் முடிந்ததற்கு இந்தத் தாமதமான தொடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குருமடத்தில் லிமோஞ்சியன் முறையைக் கற்றார். மாணவனாக இருந்தபோதே அக்கம்பக்கத்து ஊர்களில் பாடல்களை எழுதத் தொடங்கிவிட்டார். 1893இல் படிப்பு முடிந்ததும் அங்கேயே இசை ஆசிரியரும் பாடகர் குழுவின் தலைவரும் ஆனார். துறவு ஏற்றபோது, 7ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கோஸாகவும் கவிஞராகவும் இருந்த கொமித்தாஸின் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. 1895இல் வர்தபெத் பட்டம்.

திஃப்லிஸ், அப்புறம் பெர்லின்

அதுவரை அவர் அறிந்தது ஒற்றை மெட்டு இசை மட்டுமே. அதாவது எத்தனை பேர் பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவது. ஆர்மீனியக் கோயில் இசையும் ஊர்ப் பாடலும் அப்படிப்பட்டவை. பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் ஐரோப்பிய ஹார்மனியைக் கற்க 1895இல் திஃப்லிஸ் நகருக்கு, இன்றைய திபிலீசிக்கு, போனார். ஆசிரியர் மக்கார் யெக்மாலியன். ஆர்மீனிய வழிபாட்டுப் பாடல்களைப் பல குரல்களுக்கு அமைத்து 1896இல் லைப்சிக்கில் வெளியிட்டவர் அவர்.

அதே ஆண்டு, எண்ணெய்த் தொழிலதிபர் அலெக்சாண்டர் மந்தாஷெவ் தந்த பண உதவியோடு கொமித்தாஸ் பெர்லின் சென்றார். ரிச்சர்ட் ஷ்மிட் நடத்திய தனியார் இசைப்பள்ளியில் இசையமைப்பையும், பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு, தத்துவம், அழகியல் ஆகியவற்றையும் படித்தார். 1899இல் பெர்லினில் சர்வதேச இசைச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவராக இருந்து, ஆர்மீனிய இசை பற்றி உரையாற்றினார். அந்த ஆண்டே எச்மியாட்சினுக்குத் திரும்பிவிட்டார்.

கிராமத்தில் அவர் கேட்டது

ஹங்கேரியில் இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கொடாயும் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிப் புறப்பட்டது 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. கொமித்தாஸ் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே தொடங்கியவர். அவரிடம் இருந்தவை காதும் பென்சிலும்தான்.

பாடலின் சுரங்களை எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. குடியானவர் கேட்டவுடன் பாடிக்காட்டுபவர் அல்லர் என்று கண்டுகொண்டார். ஏர்ப் பாட்டு ஏர் ஓடும்போதுதான் பிறக்கும். வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேட்டால் வருவது அதன் நிழல் மட்டும். எனவே பாடல் பாடப்படும் வேலை, நேரம், இடம், யார் தொடங்குகிறார், யார் எங்கே சேர்ந்துகொள்கிறார் எல்லாவற்றையும் குறித்தார்.

இதற்குச் சிறந்த சான்று லோரி பகுதியின் ஏர்ப் பாட்டைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வு. வர்தப்லூர் என்ற ஊரில் கேட்ட ஒரே பாட்டு. மாடுகளை ஓட்டும் கூச்சல், கலப்பை பிடித்தவரின் குரல், மற்றவர்கள் கொடுக்கும் பதில், பாடலுக்குள் வரும் வெற்று ஒலிகள் ஆகிய எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, இவற்றில் எதுவுமே அலங்காரமாக வரவில்லை, ஒவ்வொன்றும் உழவு வேலையின் ஓர் அசைவோடு கட்டுண்டது என்று காட்டினார். களத்தில் இசை ஆய்வு எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இன்றும் அதைப் பாடமாகக் கொடுக்கலாம்.

அவர் எழுதிவைத்த பாடல்கள் 3,000க்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் 1,200. மொழியறிஞர் மனுக் அபெகியானோடு சேர்ந்து பாடல் வரிகளையும் தொகுத்து வெளியிட்டார். குர்து மக்களின் மெட்டுகளைத் தனித் தொகுப்பாகக் கொண்டுவந்தார். துருக்கிப் பாடல்களையும் எழுதிவைத்தார். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆர்மீனியர்களுக்கென்று தனி இசை கிடையாது, எல்லாம் பாரசீகமும் துருக்கியும்தான் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. வீராவேசமாக மறுத்துப் பேசி அதை எதிர்கொள்ள அவர் முயலவில்லை. அக்கம்பக்கத்தார் இசையையும் அதே கவனத்தோடு கேட்டு எழுதி, ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

நான்கு சுரச் சங்கிலி: விஷயத்தின் மையம்

அந்த வேறுபாடு என்ன? இங்கே கொஞ்சம் நுட்பமான இசைக் கணக்கு வருகிறது. கர்நாடக இசையின் பழக்கம் உள்ளவர்களுக்கு எளிதில் புரியும்.

நம் மேளகர்த்தா முறையில் ஒரு ஸ்தாயி இரண்டு பாதிகளாகப் பிரியும். சங்கராபரணத்தை எடுத்தால் 'ச ரி க ம' ஒரு பாதி, 'ப த நி ச' இன்னொரு பாதி. நடுவில், மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே ஒரு முழுச் சுர இடைவெளி. மேல் ஷட்ஜத்துக்குப் போனதும் அதே வரிசை அப்படியே மீண்டும் தொடங்கும். ஐரோப்பிய மேஜர் ஸ்கேலும் இப்படித்தான்.

ஆர்மீனிய ஊர்ப் பாடலும் கோயில் பாடலும் வேறு அடிப்படையில் நிற்கின்றன என்று கொமித்தாஸ் விளக்கினார்:

1. அடிப்படை அலகு நான்கு சுரங்கள் கொண்ட ஓர் அடுக்கு.

2. ஓர் அடுக்கின் கடைசிச் சுரமே அடுத்த அடுக்கின் முதல் சுரம். நடுவில் இடைவெளி கிடையாது. சங்கிலியின் கண்ணிகள் மாதிரி ஒன்றில் ஒன்று கோர்த்தவை.

3. 'ச ரி க ம' என்று தொடங்கினால் அடுத்த அடுக்கு 'ம ப த நி'. இரண்டு அடுக்கிலும் இடைவெளி ஒரே மாதிரி (முழு, முழு, அரை) இருக்க வேண்டுமென்றால் இந்த நிஷாதம் அரைச் சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் ஆகிவிடும்.

4. அதற்கு மேல் 'நி ச ரி க'. இப்போது மேல் ஸ்தாயியின் காந்தாரம் சாதாரண காந்தாரம். கீழே இருந்ததோ அதைவிட அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரம்.

5. கீழ்நோக்கிப் போனால் 'ப த நி ச'. அங்கே நிஷாதம் உயர்ந்த வகையான காகலி.

ஆக, ஒரு ஸ்தாயி ஏறினால் அதே சுரங்கள் திரும்பி வருவதில்லை. கீழே ஒரு காந்தாரம், மேலே வேறொரு காந்தாரம். பாடல் மேலே ஏற ஏற அதன் நிறமே மாறும். இங்கே எடுத்துக்கொண்டது ஒரு வகை அடுக்கு மட்டும். அரைச் சுரம் நடுவிலோ முதலிலோ வரும் அடுக்குகளும் உண்டு. அவை ஒன்றோடொன்று கோர்க்கப்படும்போது கிடைக்கும் வகைகள் ஏராளம்.

அதனால் என்ன விளைவு?

ஐரோப்பிய ஹார்மனியின் முதுகெலும்பு ஆதாரச் சுரத்துக்கு அரைச் சுரம் கீழே நிற்கும் நிஷாதம். அது ஷட்ஜத்தை நோக்கி இழுக்கும் இழுப்பில்தான் ஒரு கார்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) அடுத்த கார்டுக்கு நகர்கிறது. எல்லா ஸ்தாயியிலும் அந்த நிஷாதம் அதே இடத்தில் இருக்க வேண்டும். சங்கிலி அமைப்பில் அப்படி இருக்காது. ஒரு ஆர்மீனிய மெட்டுக்குக் கீழே வழக்கமான மேஜர், மைனர் கார்டுகளை வைத்தால் ஒன்று ஹார்மனி உறுத்தும், அல்லது ஹார்மனிக்காக மெட்டை வளைக்க வேண்டியிருக்கும்.

கொமித்தாஸுக்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் மெட்டை வளைத்தார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கிறிஸ்தாபோர் காரா-முர்சா ஊர் ஊராகப் போய்ப் பல குரல் பாடகர் குழுக்களை உருவாக்கினார். அவரில்லாமல் கொமித்தாஸுக்குக் கேட்பவர் கூட்டமே இருந்திருக்காது. யெக்மாலியனின் வழிபாட்டு இசை இன்றும் ஆர்மீனியத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. ஆனாலும் தன் ஆசிரியரான யெக்மாலியனின் அந்த வேலையைப் பற்றியே கொமித்தாஸ் விமர்சனக் கட்டுரை எழுதினார்.

அவர் கண்ட வழிகள் இவை:

1. ஆதார சுருதி: துதுக் என்ற ஆர்மீனியக் குழல் வாத்தியத்தின் வாசிப்பில் ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் ஒரே சுரத்தை நிறுத்திப் பிடிப்பார். கிராமத்தில் ஏற்கெனவே இருந்த இதைப் பாடகர் குழுவுக்குள் கொண்டுவந்தார்.

2. நாலாம், ஐந்தாம் சுர இடைவெளிகள்: மெட்டின் எலும்புக்கூடே நான்கு சுர அடுக்கு. அப்படியானால் அதிலிருந்து கிடைக்கும் இடைவெளிகளையே கார்டாக அடுக்கலாம் அல்லவா? ஐரோப்பியப் பாடப்புத்தகம் தவிர்க்கச் சொன்ன ஒலிகளை அவர் தயங்காமல் பயன்படுத்தினார்.

3. ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு: கீழ்க்குரல்கள் மேல்குரலுக்கு முட்டுக்கொடுக்கும் தூண்களாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் அந்தப் பாடலின் இயல்பிலேயே தனி வரியாக ஓடுகிறது, ஒன்றைத் தொட்டு ஒன்று பதில் சொல்கிறது.

4. மௌனம்: பல பாடல்களில் பியானோ பகுதியில் சுரங்கள் மிகக் குறைவு. சேர்க்க முடிந்ததையெல்லாம் சேர்க்காமல் விட்டதும் அவர் முடிவுதான்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் இதுதான். மெட்டு ஊராருடையது. அந்த மெட்டிலிருந்தே அதற்கான ஹார்மனியைக் கண்டெடுத்து, அதுவரை இல்லாத ஓர் இசை மொழியை அமைத்தது கொமித்தாஸ். மெட்டு எழுதுவது மட்டும்தான் இசையமைப்பு என்று நினைத்தால் இவர் சேகரிப்பாளர். இசையமைப்பு என்றால் ஒலிகளின் உறவைத் தீர்மானிப்பது என்று கொண்டால், இவர் அந்த நாட்டின் முதன்மையான இசையமைப்பாளர்களில் ஒருவர். நான் இரண்டாவது கட்சி.

1906 டிசம்பரில் பாரிஸில் அவர் நடத்திய கச்சேரி பெரும் வரவேற்பைப் பெற்றது. இசையமைப்பாளர் தெபுஸ்ஸி அவரைப் பாராட்டிய கதை எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. ஆனால் ஒரு பிரெஞ்சு மேதையின் சான்றிதழை முன்னால் வைத்துத்தான் கொமித்தாஸைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன வேலையே போதும்.

ஆசிரியராக

அவரைப் பொறுத்தவரை பாடம் நடத்துவதும் ஆய்வும் வெவ்வேறு வேலைகள் அல்ல. எச்மியாட்சினில் மாணவர்களே அவருடைய சோதனைக்கூடம். புதிதாக அமைத்த ஒவ்வொன்றையும் குருமடப் பாடகர் குழுவில் பாடவைத்துப் பார்த்துத்தான் திருத்தினார். ஒரே பாடலுக்குப் பல வடிவங்கள் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அவருக்கு ஆதரவாக இருந்த கத்தோலிக்கோஸ் ம்கர்த்திச் க்ரிம்யான் 1907இல் இறந்தார். அதன்பின் பழமையில் ஊறிய குருமார்களோடு உரசல் கூடியது. துறவி ஒருவர் காதல் பாட்டையும் கல்யாணப் பாட்டையும் மேடையில் பாடுவதா என்பது அவர்கள் கேள்வி. 1909இல், தன்னைப் பொறுப்புகளிலிருந்து விடுவித்து அமைதியாக வேலை செய்யவிடும்படி புதிய கத்தோலிக்கோஸுக்கு மனம் நொந்து கடிதம் எழுதினார். பலனில்லை. 1910இல் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே 'குசான்' என்ற பெயரில் 300 பேர் கொண்ட பாடகர் குழுவை உருவாக்கினார். திருச்சபை அங்கேயும் விடவில்லை. கோயில் பாடல்களை அரங்கத்தில் பாடுவதற்கு எதிர்ப்பு வந்தது. ஆர்மீனியர்களுக்கு ஓர் இசைக் கல்லூரி தொடங்க வேண்டும் என்ற அவர் ஆசைக்குப் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆனாலும் தேர்ந்தெடுத்த சில மாணவர்களுக்குத் தன் முறை முழுவதையும் கற்றுக்கொடுத்தார். அவர்களில் பர்செக் கனாச்சியன் பிற்பாடு பெய்ரூத்தில் பாடகர் குழு நடத்தினார். இன்றைய ஆர்மீனிய தேசிய கீதத்தின் இசை அவர் பெயரில்தான் இருக்கிறது. மிஹ்ரான் துமாஜன் பல நாடுகளில் சிதறிய அகதிகளிடம் பாடல்களைத் திரட்டினார். வர்தான் சர்க்சியன், கொமித்தாஸ் அமைத்த வழிபாட்டு இசையை 1933இல் பாரிஸில் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் மருத்துவமனையில் பேச்சற்று இருந்த ஆண்டுகளில் அவர் வேலையைத் தொடர்ந்தவர்கள் இவர்கள்.

கஸ் குறிகளைப் படிக்கும் முயற்சியும் இந்த ஆண்டுகளில் நடந்தது. எளிய குறிகளைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டதாகவே அவர் எழுதியிருக்கிறார். 1914இல் பாரிஸில் நடந்த சர்வதேச இசைச் சங்க மாநாட்டில் இதைப் பற்றி உரையாற்றினார். முடிவுகளை முழுமையாக வெளியிட அவருக்கு நாள் இருக்கவில்லை. கஸ் குறிகளின் முழுப் பொருள் இன்றுவரை அவிழாமலே இருக்கிறது.

1915உம் அதற்குப் பிறகும்

1915 ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டான்டிநோபிளில் 200க்கும் மேற்பட்ட ஆர்மீனிய எழுத்தாளர்கள், மருத்துவர்கள், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். கொமித்தாஸ் அவர்களில் ஒருவர். அங்காராவுக்கு வடக்கே உள்ள சான்கிரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். செல்வாக்குள்ளவர்களின் தலையீட்டால் மே மாதத்தில் வேறு சிலரோடு விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தார். உடன் போனவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அவர் பாடல் எழுதிய மேற்கு ஆர்மீனிய மக்களின் ஊர்களே இல்லாமல் போயின.

திரும்பி வந்தவரின் மனம் மெல்ல மெல்ல உடைந்தது. 1916இல் நகரத்திலிருந்த இராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1919இல் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1922 முதல் அந்நகரின் புறத்தே உள்ள வில்ஜுயிஃப் மனநல மருத்துவமனையில் இருந்தார். 1935 அக்டோபர் 22 அன்று அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு உடல் யெரெவான் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடமும், அந்நகரின் இசைக் கல்லூரியும் இப்போது அவர் பெயரைத் தாங்குகின்றன.

அவருக்கு மனச்சிதைவு நோய் என்று அன்று சொல்லப்பட்டது. பிற்காலத்தில் மருத்துவ ஏடுகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் ரீட்டா குயும்ஜியன், கொடுமையை நேரில் அனுபவித்தவர்களுக்கு வரும் அதிர்ச்சி நோய் என்றே அதைக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார்.

அந்த இருபது ஆண்டுகளின் துயரத்தை வைத்து மட்டும் அவரை நினைப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அழிக்கப்பட்ட ஒரு மக்களின் சின்னமாக அவர் ஆனது நியாயமே. ஆனால் சின்னமாகப் பார்க்கும்போது காரண காரியம் தலைகீழாகிவிடுகிறது. அவர் பெரியவர் ஆனது 1915இல் துன்பப்பட்டதால் அல்ல. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர் எழுதிவைத்த பாடல்களால்தான் அந்த ஊர்களின் குரல் ஊர்கள் போன பிறகும் நமக்குக் கிடைக்கிறது. சிதறிய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ராபர்ட் அத்தாயன் என்ற இசையறிஞர் 1960 முதல் யெரெவானில் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்ததால்தான் இன்று அவற்றைப் பாட முடிகிறது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1. குரலும் பியானோவும் மட்டும் உள்ள பாடல்கள். 'அந்தூனி' என்ற பாடல் ஊரை விட்டுப் போனவரின் புலம்பல். மெட்டு மேலே ஏறும்போது சுரங்களின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள்; சங்கிலி அமைப்பு காதுக்கே புலப்படும். பாடகர் அர்மெனாக் ஷா-முரதியனின் பழைய ஒலிப்பதிவுகளும், கொமித்தாஸே பாடிய சில ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன.

2. வழிபாட்டு இசை. 'பதராக்' என்ற பெயரில் தேடுங்கள். வாத்தியம் எதுவுமில்லாத ஆண்குரல் குழு. யெக்மாலியனின் அமைப்பையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஹார்மனியைப் பற்றி மேலே சொன்ன வேறுபாடு சில நிமிடங்களில் பிடிபடும்.

3. பியானோ நடனங்கள். சிறிய, சிக்கனமான துண்டுகள். நாய் என்ற புல்லாங்குழல், தார் என்ற நரம்பு வாத்தியம், தப் என்ற தோல் வாத்தியம் ஆகியவற்றில் எதன் பாணியில் பியானோவை வாசிக்க வேண்டும் என்று பல நடனங்களின் தலைப்புக்குக் கீழே அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.